டிரையர் ஓடணும், மோடம் சாகலாம்: மைக்ரோகெர்னலில் எதை எங்கே வைப்பது

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜவ்வரிசி ஆலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் கன்ட்ரோலர் பெட்டி செய்து கொடுப்பது தொழில். நவம்பர் பிறந்தால் ஏற்காட்டு எஸ்டேட்களிலிருந்தும் ஆள் வரும். காப்பிப் பழம் பறிக்கும் காலமும் வடகிழக்கு மழையும் அங்கே ஒன்றாக வந்து சேரும். களத்தில் கொட்டிக் காய வைக்க வெயில் கிடைக்காதவர்கள் டிரம் டிரையரை நம்பி இருப்பார்கள்.

மூன்று சீசனுக்கு முன்னால், ஒரு டிசம்பர் ராத்திரி, அப்படி ஒரு எஸ்டேட்டின் ரைட்டர் போன் செய்தார். "மேடம், திரையில 44 டிகிரின்னு நிக்குதுங்க. ஆனா டிரம்மைத் தொட முடியலைங்க. கொட்டை வெந்த வாசம் அடிக்குது."

பெட்டி நான் செய்தது. உள்ளே லினக்ஸ் இயங்குதளம். வெப்பத்தை அளந்து, சூடான காற்று வரும் தடுப்பைத் திறந்து மூடும் நிரலும் நான் எழுதியது. நான் எழுதாத ஒன்றும் உள்ளே இருந்தது: எஸ்எம்எஸ் அனுப்பும் மோடத்துக்கு, விற்றவர்களே கொடுத்த டிரைவர். (டிரைவர் என்று நான் சொன்னதும் எஸ்டேட்டில் எல்லோரும் ஜீப் ஓட்டும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். சாதனத்தோடு பேசும் நிரலைத்தான் சொல்கிறேன்.) மலையில் கரண்ட் ஒரு நொடி தாழ்ந்து எழுந்ததும் மோடம் உளறியது. உளறலைப் புரிந்துகொள்ளாத டிரைவர், இயங்குதளத்தின் நடுக்கருவான கெர்னலுக்குள்ளேயே, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடிகிற ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. என் கன்ட்ரோல் நிரலும் பிராசசரின் அதே கோரில் ஓட வேண்டியது. அதற்கு முறை வரவே இல்லை. காற்றுத் தடுப்பு திறந்தபடியே நின்றுவிட்டது.

வாட்ச்டாக் (‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சேதி வேளைக்கு வராவிட்டால் பெட்டியை மறுதொடக்கம் செய்யும் காவல் நாய்) இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதற்கு வேளாவேளைக்குச் சோறு போடும் நிரல் இன்னொரு கோரில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. வீடு எரியும்போதும் நாய்க்குச் சோறு வந்துகொண்டிருந்தால் நாய் எதற்குக் குரைக்கும்?

அந்த டிரம் கொட்டைக்கு நான் பணம் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் மைக்ரோகெர்னல் பக்கம் போனேன். போய் அங்கேயும் இரண்டு மூன்று தப்பு செய்தேன். என்னைப் போல மின்சாரமும் நெருப்பும் தொட்டு வேலை செய்கிறவர்கள், எதைக் கெர்னலுக்குள் வைப்பது, எதை வெளியே தனித்தனியாகப் பிரிப்பது என்று முடிவெடுக்க வேண்டி வந்தால் இந்த வரிசையில் யோசிக்கலாம்.

முதலில் ஒரு வேலை. அதற்கும் கெர்னலுக்கும் சம்பந்தமே இல்லை. குறிப்பிட்ட சூடு வந்ததும் தானே துண்டித்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் ஒன்றை, நிரல் எதையும் நம்பாமல், தடுப்பைத் திறந்து பிடித்திருக்கும் காயிலோடு தொடராகக் கோத்துவிடுங்கள். கரண்ட் போனால் ஸ்பிரிங் தடுப்பை மூடிவிடும். கீழே நான் சொல்லப்போகும் எதுவும் இதற்கு மாற்று கிடையாது.

எது உள்ளே, எது வெளியே

சேலத்துத் தட்டுவடை செட் கடையைப் பார்த்திருப்பீர்கள். தட்டை, பீட்ரூட் துருவல், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி எல்லாம் கடைக்காரரின் கை எட்டும் தூரத்தில் ஒரே பலகையில் இருக்கும். யாரையும் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டே போவார். அந்த வேகம் அதனால்தான். லினக்ஸ் மாதிரியான ஒற்றைக் கெர்னல் அப்படித்தான் வேலை செய்கிறது. ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், டிரைவர்கள் எல்லாம் ஒரே நினைவகத்தில், ஒரே அதிகாரத்தோடு இருக்கும். ஒன்று மற்றொன்றைச் சாதாரண ஃபங்ஷன் போலக் கூப்பிட்டுக்கொள்ளும். பலகையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் சிந்தினால் அன்றைய வியாபாரமே போச்சு.

மைக்ரோகெர்னலில் உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம்: நினைவகத்தைப் பிரித்துக் கொடுப்பது, யார் முறை என்று பார்ப்பது, செய்தியை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது, யாருக்கு எதில் உரிமை என்று காவல் காப்பது. மற்ற எல்லாம், டிரைவர்கள் உட்பட, வெளியே தனித்தனி அறையில். அறைகளுக்கு நடுவே பேச்சு செய்தி வழியாகத்தான். அதற்கு ஐபிசி என்று பெயர். நம் ஊரில் ஐபிசி என்றால் வேறு ஞாபகம் வரும். இங்கேயும் கொஞ்சம் தண்டனை உண்டு, வருகிறேன்.

டிரைவரை ஏன் குறிப்பாக வெளியே தள்ளச் சொல்கிறேன் என்றால், பிழை அங்கேதான் குவிகிறது. 2001-ல் ஸ்டான்ஃபோர்டில் லினக்ஸ் நிரலை அலசியவர்கள், கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். என் ஒரு டிரம் கொட்டை அந்தக் கணக்கில் சேரவில்லை.

இதைச் செய்யவே வேண்டுமா

பாதிப் பேருக்கு வேண்டாம். உங்கள் பெட்டியில் இருப்பது எம்எம்யூ (நிரல்களின் நினைவகத்தைப் பிரித்துக் காக்கும் வன்பொருள்) இல்லாத சின்ன மைக்ரோகன்ட்ரோலர் என்றால், அறைக்கு நடுவே சுவர் எழுப்ப ஆளே இல்லை. பிரிக்க வேண்டியது இரண்டே பாகம் என்றால் இரண்டு போர்டு வாங்கி, ஒன்றில் கன்ட்ரோல், மற்றொன்றில் லினக்ஸும் மோடமும் வைத்து, நடுவே ஒரு சீரியல் வயரை இழுங்கள். உலகத்திலேயே மலிவான மைக்ரோகெர்னல் அதுதான். ஜவ்வரிசி ஆலைகளுக்கு இன்றும் அப்படித்தான் செய்து தருகிறேன்.

டிரையரில் எனக்குப் பாகம் ஆறு. சென்சார், கன்ட்ரோல், புளோயர் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவோடு ஆர்எஸ்-485 என்ற சீரியல் இணைப்பு வழியாகப் பேசுவது, எஸ்டி கார்டில் பதிவு, திரை, மோடம். ஆறுக்கும் நான் வைக்கும் நம்பிக்கை ஆறு விதம். அதனால் எஸ்இஎல்4 எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் உருவான கெர்னல். சுமார் 8,700 வரி சி மொழி நிரல். தன் விவரக்குறிப்பில் சொன்னபடிதான் நடக்கும் என்று 2009-ல் கணித முறையில் நிரூபித்துக் காட்டினார்கள். 2014-ல் இருந்து திறந்த மூலம். கார்களில் நிறைய ஓடும் கியூஎன்எக்ஸும் இதே குடும்பத்து யோசனைதான், ஆனால் உரிமக் கட்டணம் என் பட்டறைக்குத் தாங்காது.

அந்த நிரூபணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிரூபித்தது கெர்னலை. என் மோடம் நிரலை யாரும் நிரூபிக்கவில்லை. வன்பொருள் ஒழுங்காக நடக்கும் என்பதும் அந்தக் கணக்கில் ஏற்கெனவே வைத்துக்கொண்ட அனுமானம். சுவர் இடியாது என்று உறுதி கிடைக்கிறது. அறைக்குள் நான் என்ன கூத்தடிக்கிறேன் என்பது என் பாடு.

காகிதத்தில் இரண்டு கேள்வி

பிரிக்க உட்கார்ந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வேலை வாரியாகப் பிரித்தேன். சென்சார் ஒன்று, ஃபைல் சிஸ்டம் ஒன்று, பதிவு எழுதுவது ஒன்று, திரை ஒன்று, எழுத்து வரைவது தனியாக ஒன்று... பதினோரு அறை. படம் வரைந்து சுவரில் ஒட்டியபோது அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதில் ஐந்தைக் கலைத்தேன்.

இப்போது என் பட்டறையில் யார் வந்தாலும் முதலில் ஒரு தாளில் பாகங்களை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விக்குப் பதில் கேட்பேன். இது செத்தால் யார் யார் நிற்பார்கள்? இது திரும்ப எழுந்தால் எதை மறந்திருக்கும்?

முதல் கேள்வி எல்லோருக்கும் தோன்றும். இரண்டாவதுதான் நிஜமான முடிவை எடுக்கும். ஒரு பாகம் செத்து எழும்போது, மற்றவர்கள் தொடர்ந்து நடக்க முடியவில்லை என்றால் அதைப் பிரித்ததில் உங்களுக்குச் செலவு மட்டும்தான் மிச்சம்.

சென்சார் டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஞாபகம் என்று எதுவுமே இல்லை. செத்தால் எழுப்பலாம், மறுபடி அளக்கும், அவ்வளவுதான். பிரிப்பதற்கு இதைவிட நல்ல பாகம் கிடையாது.

ஃபைல் சிஸ்டம் அதற்கு நேர் எதிர். எந்த ஃபைல் திறந்திருக்கிறது, எது பாதி எழுதியிருக்கிறது என்று தலை நிறைய ஞாபகம். நான் அதைத் தனி அறையில் வைத்து, பதிவு எழுதும் நிரலை வேறு அறையில் வைத்தேன். ஃபைல் சிஸ்டம் ஒரு நாள் விழுந்தது. விழுந்த அறையை எழுப்பவென்றே நான் வைத்திருந்த கண்காணிப்பு நிரல் உடனே எழுப்பியது. ஆனால் பதிவு நிரலின் கையில் இருந்தது பழைய திறந்த ஃபைலின் எண். புதிதாக எழுந்த ஃபைல் சிஸ்டத்துக்கு அந்த எண் யாரென்றே தெரியாது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தும் வேலை நடக்கவில்லை. இந்தச் சங்கடம் பெரிய ஆட்களுக்கும் வந்ததுதான். விழுந்த டிரைவரைத் தானே எழுப்பும் வசதியோடு 2005-ல் வெளிவந்தது மினிக்ஸ் 3 என்ற மைக்ரோகெர்னல் இயங்குதளம். அதில் டிஸ்க் டிரைவர் செத்தால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலே சமாளிக்க முடிந்தது, ஏனென்றால் ஒரே பிளாக்கை இரண்டு முறை எழுதினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பிரின்டருக்கு அது நடக்காது. எந்த வரி வரை அச்சானது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஃபைல் சிஸ்டத்தையும் பதிவு நிரலையும் ஒரே அறையில் போட்டேன். செத்தால் சேர்ந்து சாகட்டும், சேர்ந்து எழட்டும். கார்டைத் தொடும் டிரைவர் மட்டும் தனி.

கன்ட்ரோல் நிரல்தான் வீட்டுக்குப் பெரியவர். அவருக்கும் ஞாபகம் உண்டு: காய வைப்பதில் எந்தக் கட்டம், எத்தனை மணி நேரம் ஆயிற்று, வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் பிஐடி கணக்கில் சேர்ந்து வரும் தொகை. அதை ஒரு சின்ன நினைவகப் பகுதியில் வெளியே எழுதி வைக்கிறேன். எழுந்ததும் அங்கே பார்த்துக்கொள்வார். அந்தப் பகுதியில் இரண்டு பிரதியும், எழுதியது கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு செக்சம் எண்ணும் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே செத்தால் பாதிப் பொய் இருக்கும்.

மோடத்துக்கு இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே வரி: யாரும் நிற்க மாட்டார்கள், எஸ்எம்எஸ் தாமதமாகப் போகும்.

மலைப்பாதைக் கணக்கு

இனி செலவு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பெரிய பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. லாரி காலியாகப் போனாலும் 20, முழுச் சுமையோடு போனாலும் 20. யாராவது ஒரு மூட்டை காப்பிக்கு ஒரு தடவை மலை இறங்குவார்களா? அறைக்கு அறை செய்தி அனுப்புவதும் அதேதான். ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் ஏறி, சுவரைத் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும்.

மைக்ரோகெர்னல் என்றாலே மெதுவானது என்ற கெட்ட பெயர் வந்தது 1980-களின் நடுவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாக் கெர்னலால். அதன் செய்தி அனுப்பும் முறை கனமாக இருந்தது. யோகென் லீட்கே என்ற ஜெர்மானியர் 1993-ல் தன் எல்3 கெர்னலை அதோடு ஒப்பிட்டார். 50 மெகாஹெர்ட்ஸ் 486 சிப்பில் 8 பைட் செய்திக்கு மாக் எடுத்தது 115 மைக்ரோவினாடி. எல்3 எடுத்தது சுமார் 5. அதே சிப், அதே வேலை. தப்பு யோசனையில் இல்லை, கட்டிய விதத்தில் இருந்தது. கெர்னலில் குறைந்த இடத்தைத் தொட்டு, பிராசசரின் வேக நினைவகமான கேஷைக் கலைக்காமல், சின்னச் செய்தியைப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டரில் கொண்டுபோவது என்று அவர் வழி காட்டினார். எல்4 குடும்பம் முழுக்க அங்கிருந்து வந்தது, எஸ்இஎல்4 உட்பட. 1997-ல் எல்4 மேல் லினக்ஸை ஒரு சாதாரண நிரல் போல ஓட்டி அளந்தபோது, நேரடி லினக்ஸைவிட 5 முதல் 10 சதவீதம்தான் மெதுவாக இருந்தது.

மைக்ரோகெர்னலா ஒற்றைக் கெர்னலா என்று 1992-ல் மினிக்ஸ் எழுதிய டானன்பாமும் லினக்ஸ் எழுதிய டோர்வால்ட்ஸும் போட்ட சண்டையைப் படித்துவிட்டு வந்து என்னிடம் வாதாடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு முறை தாண்ட எவ்வளவு என்பதை விடுங்கள், வினாடிக்கு எத்தனை முறை தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள்.

எண்ணிப் பார்ப்போம். இன்றைய போர்டில் ஒரு செய்தி போய் வர, தாராளமாக, ஒரு மைக்ரோவினாடி என்று வைத்துக்கொள்கிறேன். என் கன்ட்ரோல் சுற்று வினாடிக்கு 10 முறை ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 4 செய்தி. 40 மைக்ரோவினாடி. ஒரு வினாடியில் அது 0.004 சதவீதம். இதற்காகக் கவலைப்பட்டு யாராவது சென்சார் டிரைவரைக் கன்ட்ரோலோடு ஒட்ட வைத்தால் திட்டுவேன்.

அடுத்து திரை. என்னிடம் பயிற்சிக்கு வந்த தம்பி 'இந்த இடத்தில் ஒரு புள்ளி வை' என்று ஒரு செய்தி எழுதினான். நிரல் சுத்தமாக, படிக்க நன்றாக இருந்தது. திரை 800-க்கு 480. முழுதாக ஒரு முறை வரைய 3,84,000 செய்தி. தாண்டும் செலவு மட்டும் 0.38 வினாடி, வரையும் நேரம் தனி. ரைட்டர் பொத்தானை அழுத்திவிட்டு, வேலை செய்யவில்லை போல என்று மறுபடி அழுத்துவார். இரண்டாவது அழுத்தலில் முதலாவது ரத்தாகிவிடும்.

"அக்கா, மைக்ரோகெர்னல் ஸ்லோன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றான்.

"ஒத்தை ஒத்தை மூட்டையா இறக்கினா மலை என்னடா பண்ணும்?" என்றேன்.

தீர்வு லாரியை நிரப்புவதுதான். இரண்டு அறைக்கும் தெரியும்படி ஒரு பகிர்ந்த நினைவகப் பகுதி. வரைபவர் அதில் முழுப் படத்தையும் வரைந்துவிட்டு 'ஆச்சு' என்று ஒரே ஒரு மணி அடிப்பார். 3,84,000 போய் ஒன்று. எஸ்டி கார்டுக்கும் அதேபோல வட்ட வரிசையில் வேலைகளை அடுக்கிவிட்டு ஒரு மணி. பகிர்ந்த நினைவகத்தில் ஒரு ஜாக்கிரதை: அடுத்தவர் எழுதியதை முதலில் உங்கள் பக்கம் நகலெடுத்துக்கொண்டு, அப்புறம் சரிபாருங்கள். சரிபார்த்த பிறகு படிக்கப் போனால், நடுவில் அவர் மாற்றிவிட இடம் இருக்கிறது.

யார் யாரைக் கூப்பிடலாம்

பதினோரு அறைக் காலத்தில் ஒரு நாள் பெட்டி அசையாமல் நின்றது. பதிவு நிரல், கார்டு நிறைந்துவிட்டது என்று காட்டச் சொல்லித் திரையைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. அதே நொடியில் திரை, கடைசிப் பத்து அளவைத் தரச் சொல்லிப் பதிவு நிரலைக் கூப்பிட்டுக் காத்திருந்தது. இரண்டு பேரும் போனை எடுத்துக்கொண்டு 'நீ சொல்லு' என்று நிற்கிற மாதிரி. பிழைச் செய்தி எதுவும் வராது, எந்த நிரலும் விழாது. கண்டுபிடிக்க ஒன்றரை நாள்.

அதற்கப்புறம் படத்தில் பாகங்களை மேல் கீழாக அடுக்குகிறேன். காத்திருக்கும் வகைக் கூப்பிடல் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கூப்பிடுவதாக மட்டும் இருக்கலாம். மேலே இருப்பவருக்கு முன்னுரிமையும் அதிகம். மேலிருந்து கீழே மணி மட்டும், அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வட்டம் வர வழியே இல்லாமல் போகும். எஸ்இஎல்4-க்கான மைக்ரோகிட் கருவித்தொகுப்பு இந்த விதியைத் தானே வற்புறுத்துகிறது. தன்னைவிட உயர்ந்த முன்னுரிமை உள்ளவரைத்தான் கூப்பிட விடும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதைச் செய்தவர்களுக்கு ஏற்காட்டுக் காப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறது.

முன்னுரிமையில் இன்னொரு பள்ளமும் உண்டு. 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலை பார்க்கும் கீழ்நிலை வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பூட்டுக்காக மேல்நிலை வேலை காத்திருந்தது. நடுத்தர வேலை ஒன்று புகுந்து கீழ்நிலை வேலையை ஓடவிடாமல் செய்தது. காரணம் அதுதான். அங்கே இருந்தது மைக்ரோகெர்னல் விவகாரம் இல்லை, ஆனால் பொதுவான ஒரு சர்வரை (மற்றவர்கள் கேட்பதைச் செய்து கொடுக்கும் நிரலை) மோடமும் கன்ட்ரோலும் சேர்ந்து பயன்படுத்தினால் உங்கள் பெட்டியிலும் இதே கதைதான். என் வழி எளிது: கன்ட்ரோல் யாரோடும் எந்த சர்வரையும் பங்கிட்டுக்கொள்வதில்லை. சென்சார் டிரைவர் அளவைப் பகிர்ந்த பகுதியில் எழுதிவிடுவார். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், யாரும் கேட்க வேண்டியதில்லை.

பின்கதவு

சுவர் எழுப்பியாயிற்று, மோடம் டிரைவர் தன் அறைக்குள் அடைந்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டிஎம்ஏ என்று ஒன்று இருக்கிறது. சாதனம் பிராசசரைக் கேட்காமல் தானே நினைவகத்தில் எழுதும் வசதி. எந்த முகவரியில் எழுதுவது என்று சாதனத்துக்குச் சொல்வது டிரைவர். கெட்ட டிரைவர் தப்பான முகவரி சொன்னால், சாதனம் நேராகக் கன்ட்ரோல் நிரலின் நினைவகத்திலோ கெர்னலிலோ எழுதிவிடும். அறைச் சுவர் பிராசசருக்குத்தான். சாதனத்தைத் தடுக்க ஐஓஎம்எம்யூ என்று தனிக் காவலாளி வேண்டும். மலிவான போர்டுகள் பலவற்றில் அது இருக்காது. என்னுடையதிலும் இல்லை.

அதனால் இதைச் சாலிடரிங் ஸ்டேஷனில் தீர்த்தேன். நம்பிக்கையில்லாத மோடத்தை யுஎஸ்பியில் இருந்து எடுத்து, டிஎம்ஏ இல்லாத சீரியல் போர்ட்டில் மாட்டினேன். மெதுவாகத்தான் போகும், எஸ்எம்எஸ் அனுப்ப வேகம் எதற்கு? விற்றவர் கொடுத்த டிரைவரையும் தூக்கிப் போட்டுவிட்டு, மோடத்துக்குப் புரியும் ஏடி கட்டளைகளை அனுப்பும் சின்ன நிரலை நானே எழுதினேன். எஸ்டி கார்டுக்கு டிஎம்ஏ தேவைப்பட்டது, ஆகவே அந்த டிரைவரைக் கெர்னலுக்குச் சமமாக நம்ப வேண்டியவர்கள் பட்டியலில் வைத்து, வரி வரியாக இரண்டு பேர் படித்தோம். பட்டியலில் மொத்தம் எத்தனை வரி நிரல் என்று எண்ணி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த எண் ஏறினால் யார் ஏற்றியது என்று கேட்பேன்.

டிரைவர் எல்லாம் நாமே எழுத வேண்டியிருப்பதுதான் மைக்ரோகெர்னலில் எனக்கு வலித்த செலவு. ஐபிசி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. லினக்ஸில் பெட்டியைத் திறந்ததும் ஓடும் திரைக்கு இங்கே எனக்கு ஐந்து வாரம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், மைக்ரோகெர்னல் மேல் ஒரு லினக்ஸை விருந்தாளியாக ஓட்டி, மோடம், திரை, நெட்வொர்க் எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டு, கன்ட்ரோலை மட்டும் வெளியே தனி அறையில் வைக்கலாம். நினைவகம் கூடச் செலவாகும், விருந்தாளி எழுந்திருக்க நேரமும் ஆகும். ஆனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாகடித்துப் பாருங்கள்

எழுப்பும் நிரலை எழுதி முடித்ததும் எல்லாம் ஆயிற்று என்று நினைத்தேன். என் கண்காணிப்பு நிரல், விழுந்த அறையை அதன் முதல் வரிக்குத் திருப்பி ஓடவிட்டது. அவ்வளவே செய்தது. நினைவகத்தில் இருந்த குளோபல் மாறிகள் எல்லாம் சாகும்போது இருந்த மதிப்போடு அப்படியே இருந்தன. 'தயார்' என்ற கொடி ஏற்கெனவே 1 என்று இருந்ததால் மோடம் நிரல் தன்னைத் தயார்படுத்தும் வேலையைத் தாண்டிப் போனது, மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. வினாடிக்குப் பல முறை. எழுப்பும்போது நினைவகத்தையும் முதல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தூங்கி எழுந்தவர் பழைய கனவையே தொடர்கிற மாதிரி ஆகிவிடும். கூடவே, எழுப்பும் இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள்.

அப்புறம் சாதனத்துக்கும் ஞாபகம் உண்டு. நிரலைப் புதிதாக ஆரம்பித்தாலும் மோடம் பழைய உளறலிலேயே இருக்கும். போர்டின் ஒரு பின்னிலிருந்து மோடத்தின் கரண்டையே துண்டிக்க ஒரு டிரான்சிஸ்டர் போட்டேன். பத்து ரூபாய்ச் சாமான். அது இல்லாமல் என் மைக்ரோகெர்னல் முழுக்க அலங்காரம்தான்.

சோதனைக்கு டிரம்மைக் காலியாக ஓடவிட்டு, தம்பியிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, கண்ட நேரத்தில் கண்ட பாகத்தைக் கொல்லச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க. சென்சாரைக் கொன்றான், கன்ட்ரோல் கடைசி அளவின் வயதைப் பார்த்து, இரண்டு வினாடிக்கு மேல் பழையது என்றதும் தடுப்பை மூடியது. கன்ட்ரோலையே கொன்றான், எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொன்றபோது ஒரு பிழை கிடைத்தது. கண்காணிப்பு நிரலைக் கொன்றபோது யாரும் எழுப்ப ஆளில்லை. வாட்ச்டாக் மொத்தப் பெட்டியையும் மறுதொடக்கம் செய்தது. இந்த முறை நாய்க்குச் சோறு போடும் உரிமை கன்ட்ரோல் சுற்றின் கடைசி வரிக்கும் கண்காணிப்பு நிரலுக்கும் சேர்த்துத்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் சோறு.

ஒவ்வொரு பாகமும் எத்தனை முறை எழுந்தது என்று திரையின் மூலையில் ஒரு எண் காட்டினேன். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் எழுப்பும் வசதி நோயை மறைத்துவிடும். போன சீசனில் மோடத்தின் எண் தினமும் ஏறிக்கொண்டே இருந்தது. டிரையர் பாட்டுக்கு ஓடியது, எஸ்எம்எஸ்ஸும் போனது, யாரும் புகார் சொல்லவில்லை. பதிவை எடுத்து நேரம் பார்த்தால் எல்லாம் சாயங்காலம் ஆறுக்கு மேல். அன்றன்று பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கப் பல்பர் ஓட்டுவார்கள். அந்த மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் தாழ்கிறது, மோடம் சாகிறது. பிரித்துப் பார்த்தால் பவர் சப்ளையில் ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தது. மாற்றிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மூன்றாம் நாள் ரைட்டர் போன். "மேடம், அந்த மூலையில எண் ஒண்ணு ஏறுமில்லைங்க, அது ரிப்பேர் ஆயிடுச்சு போல. ரெண்டு நாளா பூஜ்ஜியமே காட்டுதுங்க."